கடல் கிளைடர் கிட் வாங்கலாமா? காங்கயம் கிணற்றில் ஒன்பது மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு பம்ப் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கிறேன். சப்மெர்சிபிள் கழற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது, புஷ்ஷும் இம்பெல்லரும் மாற்றுவது, இருபது வருடமாக இதுதான் வேலை. தண்ணீருக்குள் இறங்குகிற எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் சீல் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இந்தக் கிட்டையும் அப்படித்தான் பார்த்தேன். அதனால் இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் எனக்கு யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன சித்திரையில் மகள்தான் ஆன்லைனில் காட்டினாள். ஒன்பதாவது போக இருந்தாள். விசிறியே இல்லாமல் கடலுக்குள் மாதக்கணக்கில் போகிற கிளைடர் என்று ஒன்று இருக்கிறதாம், அதன் சின்ன மாதிரியை நாமே பூட்டிக்கொள்ளும்படி கிட்டாக விற்கிறார்களாம், பள்ளிக் கண்காட்சிக்கு அதுதான் வேண்டுமாம். விலை 6,800 ரூபாய். யோசித்துவிட்டு வாங்கினேன். பதினோரு நாளில் வந்தது. இரண்டடி நீளத்தில் ஒரு அக்ரிலிக் குழாய், 60 மில்லி சிரிஞ்ச், அதன் தண்டை முன்னும் பின்னும் இழுக்க கியர் வைத்த குட்டி மோட்டார், சர்க்யூட் போர்டு, பேட்டரி பெட்டி, இரண்டு இறக்கை, வாலுக்கு ஒரு துடுப்பு, இரண்டு முனைக்கும் மூடி, மூடி கசியாமல் இருக்க ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம், எடை கட்ட ஒரு பை வாஷர். ஒரு இறக்கை விரிசல் விட்டிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன், மாற்று இறக்கை வந்து சேர மூன்று வாரம் ஆனது, அதற்குள் நானே பட்டறையில் ஒரு ஷீட்டை வெட்டி மாட்டிவிட்டேன்.

பூட்டுவது சிரமமில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடும், சாலிடர் வைக்கிற இடம் நாலைந்துதான்.

இது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நாங்கள் பழுது பார்க்கிற பம்ப் தண்ணீரைத் தூக்கித் தள்ளும். இது தள்ளுவதில்லை, தன் கனத்தை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். மூக்கில் இருக்கிற சிரிஞ்ச் 60 மில்லி தண்ணீரை உள்ளே இழுத்தால் மூக்குப் பக்கம் 60 கிராம் கூடி, தலை சாய்ந்து இறங்க ஆரம்பிக்கும். இறக்கை இருப்பதால் கல் மாதிரி நேராக விழாமல் சறுக்கிக்கொண்டு முன்னால் போகும். குறித்த நேரம் ஆனதும் சிரிஞ்ச் தண்ணீரை வெளியே தள்ளும், தலை நிமிர்ந்து அதே மாதிரி சறுக்கிக்கொண்டு மேலே வரும். ரம்பத்தின் பல் மாதிரி ஒரு பாதை. மோட்டார் ஓடுவது அடியில் ஒரு தடவை, மேலே ஒரு தடவை, நடுவில் சும்மா இருக்கும்.

காங்கயத்துக்குப் பக்கத்தில் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் முதல் தடவை விட்டபோது மாமா அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, இதுல விசிறியக் காணமுங்களே" என்றார். மகள்தான் பதில் சொன்னாள்: "விசிறி இல்லீங்க அப்புச்சி, பருந்து எறக்கைய அடிக்காம வட்டம் போட்டு எறங்குதுல்லீங்க, அதேதானுங்க." அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

நிஜக் கிளைடரிலும் இதே தத்துவம்தான். கடலாய்வாளர் ஹென்றி ஸ்டோமெல் 1989-லேயே இப்படி ஆயிரம் கிளைடர்கள் உலகக் கடலெல்லாம் சுற்றி வரும் என்று கற்பனையாக எழுதினார், பொறியாளர் டக் வெப் அதற்கான இயந்திரத்தை யோசித்தார். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் பெயரை அதற்கு வைத்தார்கள், இன்றைக்கும் ஒரு வகைக் கிளைடருக்கு ஸ்லோகம் என்றுதான் பெயர். ஸ்ப்ரே, சீகிளைடர் என்று இன்னும் இரண்டு வகை உண்டு. மூன்றும் ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் எடை, ஐம்பது கிலோவைச் சுற்றி. கரையோரத்தில் ஓடுகிற ஸ்லோகம் எங்கள் சிரிஞ்ச் போலவே மூக்கில் கடல்தண்ணீரை இழுத்து விடுகிறது. ஆழத்துக்குப் போகிறவற்றில் தண்ணீர் உள்ளே வருவதில்லை, உள்ளே இருக்கிற எண்ணெயை வெளியே ஒரு ரப்பர் பைக்குள் பம்ப் தள்ளும், பை உப்பினால் மிதக்கும், சுருங்கினால் மூழ்கும். தள்ளுகிற எண்ணெய் ஒரு லிட்டர்கூட இல்லை.

ஒரு பம்ப் மெக்கானிக்காக என்னை அசத்தியது இதுதான். நம்ம பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு மோட்டார் இறக்குகிறோம், அதிலேயே கேபிள் ஜாயின்ட், சீல் என்று எத்தனை தொந்தரவு. இவை 1,000 மீட்டர் போகின்றன, அடிக்கணக்கில் 3,280. அங்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ அழுத்தம். அந்த அழுத்தத்தை எதிர்த்து எண்ணெயைத் தள்ளிவிட்டு மேலே வந்து, மறுபடி இறங்கி, மறுபடி தள்ளி, இப்படி மாதக்கணக்கில். சராசரியாக எடுத்துக்கொள்கிற கரண்ட் பூஜை அறையில் எரிகிற பழைய ஜீரோ வாட் குண்டு பல்பைவிடக் குறைவு. வேகம்தான் இல்லை, விநாடிக்கு 25 சென்டிமீட்டர் சுமார், நாம் நடக்கிற வேகத்தில் கால்வாசிகூட வராது. ஆனாலும் 2009-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக் கிளைடர் ஒன்று நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயின் போய்ச் சேர்ந்தது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். பெரிய குறை ஓ ரிங். மூன்றாவது முழுக்கிலேயே மூடி வழியாகத் தண்ணீர் கசிந்து போர்டு நனைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் பள்ளத்தின் ஆழத்துக்கு ரிங் மெல்லிசு, பிடிப்பே இல்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு மூடியை இன்னும் இறுக்குங்கள் என்றார்கள். எங்கள் தொழிலில் இது தப்பான யோசனை. ஓ ரிங் சீலில் மூடியை இறுக்கி லாபமில்லை, ரிங் அளவு சரியாக இருந்தால் தண்ணீர் அழுத்தமே அதைப் பள்ளத்தில் உட்கார வைக்கும். ஒரு அளவு தடிமனான நைட்ரைல் ரிங் போட்டு சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினேன், அதன்பிறகு இன்று வரை ஒரு சொட்டு இல்லை. போர்டை இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்து எடுத்தோம், பிழைத்துக்கொண்டது.

இன்னொரு வேலையும் செய்தேன், இதைக் கட்டாயம் எல்லாரும் செய்யுங்கள். நிஜக் கிளைடர்களைக் கடலில் இறக்கும் முன் உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். நின்றால் கசிவு இல்லை. பின் மூடியில் ஒரு சின்ன நிப்பிள் வைத்து, ஏசி மெக்கானிக் நண்பரிடம் கேஜ் வாங்கி நானும் அதையே செய்கிறேன். பத்து நிமிடம் முள் அசையாமல் நின்றால்தான் கிணற்றில் விடுவோம். 6,800 ரூபாய் வாங்குகிறவர்கள் இந்த நிப்பிளை அவர்களே வைத்துத் தரலாம், இருபது ரூபாய்ச் சாமான்.

அடுத்தது எடை. கையேட்டில், வாளித் தண்ணீரில் போட்டு மூழ்காமல் மிதக்காமல் நிற்கும் வரை வாஷர் சேருங்கள் என்று இருக்கிறது. வீட்டில் குழாய்த் தண்ணீரில் அப்படியே செய்து, துல்லியமாக நிறுத்திக்கொண்டு காங்கயம் போனோம். அங்கே இறங்குவது மந்தமாகவும் ஏறுவது படு வேகமாகவும் இருந்தது. எனக்கு முதலில் மோட்டார்மேல்தான் சந்தேகம். மகள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புங்கப்பா" என்றாள். அந்தக் கிணறு வேனலில் நல்ல உப்பு. உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதனால் அதே கிளைடர் அங்கே லேசாகிவிட்டது. இரண்டு வாஷர் கூடச் சேர்த்ததும் சரியானது.

கிணற்றிலேயே இப்படி என்றால் வங்காள விரிகுடாவை நினைத்துப் பாருங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்து கொட்டுகிற நல்ல தண்ணீர் அந்தக் கடலின் வடக்கே மேலாக ஒரு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது, அடியில் கனமான உப்புத் தண்ணீர். அடித் தண்ணீருக்குத் தோதாக எடை கட்டினால் மேலே வரும்போது அந்த லேசான தண்ணீரில் மட்டத்துக்கு வர முடியாமல் திணறும். மட்டத்துக்கு வந்தால்தான் ஆன்டெனா வெளியே நீட்டி செயற்கைக்கோளோடு பேச முடியும். எந்தக் கடல், எந்த மாதம் என்று தெரிந்துகொண்டு கிராம் கணக்கில் எடை கட்டுகிறார்கள். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சரியாக ஓட ஆரம்பித்த பிறகு மகள் 150 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி போர்டில் காலியாக இருந்த பின்னில் கோத்தாள். நூலில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டோம். வைகாசியில் கிணற்றின் மேல்தண்ணீர் 31 டிகிரி, பன்னிரண்டு அடியில் 28. ஆறேழு அடியில் திடீரென்று சில்லென்று மாறியது, நீந்தத் தெரிந்த எல்லாருக்கும் காலில் தெரிந்த விஷயம்தான், ஆனால் எண்ணாகப் பார்ப்பது வேறு. மார்கழியில் அதே கிணற்றில் விட்டபோது மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இராத்திரிக் குளிரில் மேல்தண்ணீர் ஆறி, கனமாகி, இறங்கிக் கலந்துவிடுகிறது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வேறு வேறு மாதத்தில் அளந்தால்தான் இது தெரியும். ஒரு தடவை போய் அளந்துவிட்டு கிணறு இப்படித்தான் என்று சொல்ல முடியாது.

கடலுக்கும் அதே நியாயம். கப்பலில் போனால் சில வாரம் அளக்கலாம், அதற்கு மேல் செலவு தாங்காது. தானாக முழுகி எழுந்து கடலை அளக்கிற ஆர்கோ மிதவைகள் உலகம் முழுக்க நாலாயிரம் வரை இருக்கின்றன, பத்து நாளைக்கு ஒரு தடவை 2,000 மீட்டர் வரை போய் வருகின்றன, ஆனால் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குத்தான் போகும். இவற்றில் கிளைடரை மட்டும்தான் இந்தக் கோட்டிலேயே திரும்பத் திரும்பப் போ என்று கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். கலிபோர்னியா கரையில் 2006-லிருந்து அதே கோடுகளில் கிளைடர்கள் போய் வந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு வருடத்துக் கணக்கு கையில் இருந்ததால்தான் 2014, 2015-ல் அந்தக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானபோது எந்த ஆழம் வரை எவ்வளவு கூடியது என்று சொல்ல முடிந்தது.

இனி வாய்க்கால் கதை. இந்தக் கிட்டுக்கு நான் கொடுத்த காசு அன்றைக்குத்தான் செமித்தது.

தையில் கீழ்பவானித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தோட்டத்தை ஒட்டிய கிளை வாய்க்காலில், மதகுக்கு மேலே தண்ணீர் தேங்கி மெதுவாக நகர்கிற இடம் ஒன்று உண்டு, நாலடி ஆழம். அங்கே இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரையில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்து, நூலைத் தளர விட்டு, கிளைடரை அனுப்பினோம். 45 விநாடியில் ஒரு முழுக்குப் போட்டு மேலே வந்தது. வந்த இடம் வேப்பமரத்துக்கு நேரே இல்லை, பதினைந்து அடி கீழே தள்ளி. மறுபடி விட்டோம், மறுபடியும் அதே பதினைந்து அடி. எனக்கு எரிச்சல், துடுப்பு கோணலாக இருக்கிறது என்று திருக ஆரம்பித்தேன். மகள் கையைப் பிடித்துவிட்டாள். "தப்பா வரலீங்கப்பா, தண்ணி எவ்வளவு தள்ளுதுன்னு காட்டுதுங்க" என்றாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 45 விநாடியில் பதினைந்து அடி என்றால் மூன்று விநாடிக்கு ஓர் அடி, விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர். அதுதான் வாய்க்காலின் வேகம். சரிபார்க்க ஒரு வேப்பங்குச்சியைப் போட்டு நேரம் பார்த்தோம், அது கொஞ்சம் வேகமாகப் போனது. ஏனென்றால் குச்சி மேல்தண்ணீரோடு போகிறது, தரையை உரசுகிற அடித்தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். கிளைடர் மேலிருந்து கீழ் வரை போய் வந்ததால் எல்லா ஆழத்துக்குமான சராசரியைச் சொல்லியது.

கடலிலும் அச்சு அசலாக இதையேதான் செய்கிறார்கள் என்று அப்புறம் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது, அதனால் முழுகியிருக்கும்போது ஜிபிஎஸ் கிடையாது. திசைகாட்டியையும் சரிவையும் வைத்து, நான் இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று கிளைடர் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். 1,000 மீட்டர் போய் வர ஐந்தாறு மணி நேரம், முன்னால் நகர்வது ஐந்தாறு கிலோமீட்டர். மேலே வந்து ஜிபிஎஸ் பார்த்தால் வேறு இடத்தில் நிற்கும். கணக்கில் வந்த இடத்துக்கும் நிஜ இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் அந்த ஆயிரம் மீட்டர் தண்ணீரின் சராசரி நீரோட்டம் கிடைத்துவிடுகிறது. தனியாக ஒரு மீட்டர் வேண்டியதில்லை, வழி தவறியதுதான் அளவு.

அதோடு வெப்பமும் உப்பும் அளந்துகொண்டே போகிறது இல்லையா, அதிலிருந்து தண்ணீரின் கனம் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் கனம் மாறினால் பூமி சுழல்வதால் அங்கே ஓட்டம் இருக்கும், ஆழத்துக்கு ஆழம் அது எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம். ஆனால் அந்தக் கணக்கு வித்தியாசத்தை மட்டும்தான் சொல்லும், எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்று சொல்லாது. கிளைடர் தள்ளப்பட்ட தூரம் அந்த ஆரம்பத்தைக் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்தால் மேலே எவ்வளவு வேகம், 200 மீட்டரில் எவ்வளவு, 500-ல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம்.

வாய்க்காலில் ஓட்டத்துக்கு நேர் எதிராகவும் விட்டுப் பார்த்தோம். எங்கள் கிளைடரின் வேகம் விநாடிக்கு எட்டு சென்டிமீட்டர்தான், வாய்க்கால் பத்து. மூக்கு மேற்கே பார்த்தபடி பின்னாலேயே போனது. நம்ம கிழக்குக் கடற்கரையில் நிஜக் கிளைடருக்கும் இந்தப் பாடு உண்டு. அந்தக் கரையோர நீரோட்டம் வருடத்தில் திசையையே மாற்றிக்கொள்கிறது, பங்குனி சித்திரையில் வடக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகையில் தெற்கே. வலுவான சமயத்தில் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும், கிளைடரைப் போல நாலு மடங்கு. எதிர்த்து நிற்க முடியாது, குறுக்கே சாய்வாக வெட்டித்தான் ஓட்டுகிறார்கள், காவிரியில் பரிசல் தள்ளுகிறவர் செய்வது போல.

கொங்கு நாட்டில் கடலே இல்லை, நமக்கு எதற்கு இது என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். கோயம்புத்தூருக்கும் காங்கயத்துக்கும் ஐப்பசி மழைதான் பெரிய மழை, அது வருவது அந்தக் கடலிலிருந்து. வடக்கே இருக்கிற அந்த லேசான தண்ணீர்ப் பாயை இந்தக் கரையோர ஓட்டம்தான் மழைக்காலத்தில் நம்ம கரை வழியாகத் தெற்கே இழுத்துக்கொண்டு இலங்கையைச் சுற்றிப் போகிறது. மேலே நல்ல தண்ணீர் விரித்திருக்கும் இடத்தில் அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் காற்றடித்தாலும் லேசில் மேலே கலக்காது, கடலின் மேற்பரப்பு சூடாகவே நிற்கும், அந்தச் சூட்டில்தான் புயலுக்குத் தீனி. ஆனி ஆடியில் வேறு கதை, இலங்கைக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு அரபிக்கடலின் உப்புத் தண்ணீர் விரிகுடாவுக்குள் நுழைகிறது. அதை அளக்கத்தான் 2016 ஜூன், ஜூலையில் இந்திய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சிந்து சாதனா கப்பலில் போய் இலங்கைக்குக் கிழக்கே கிளைடர்களை இறக்கினார்கள். நமக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை என்று கிளைடர் சொல்லிவிடாது, ஆனால் சொல்ல முயல்கிறவர்களுக்குக் கடலின் உள்பக்கத்தைக் காட்டுகிறது.

வாங்கலாமா என்றால், லேத் பட்டறையோ சாலிடர் பழக்கமோ பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள். ஓ ரிங்கை மாற்றாமல் தண்ணீரில் விடாதீர்கள். அதற்கு வசதியில்லாத வீடுகளுக்கு, பெட்டியைத் திறந்ததும் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு, இந்த விலைக்கு நான் சொல்ல மாட்டேன். பொறியியல் கல்லூரிகளும் அரசுப் பள்ளி அறிவியல் மன்றங்களும் ஒன்று வாங்கிப் போட்டால் பத்து வருடம் பாடம் நடத்தலாம். கையேடுதான் ரொம்ப மோசம், இதை ஒரு விளையாட்டுச் சாமானாக மட்டும் விவரிக்கிறது, நீரோட்டம் அளக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்கக் கிளைடர்கள் கடலில் அளந்த நிஜக் கணக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன என்பதையும் மகளே தேடித்தான் கண்டுபிடித்தாள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், சீலைச் சரி செய்து, கையேட்டைத் திருத்தினால் நாலரை.

கிணற்றில் விடுகிறவர்கள் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், படி இருக்கிற கிணறாகப் பாருங்கள், வாய்க்காலில் நூல் கட்டாமல் விடவே கூடாது. மாமா இப்போது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு மேல்தண்ணீர், அடித்தண்ணீர் என்று இரண்டு பத்தி கோடு இழுத்து வைத்திருக்கிறார். மாசிக்கு உண்டான வரி காலியாக இருக்கிறது, அடுத்த ஞாயிறு போக வேண்டும்.